மூக்கைப் பொத்திய பிள்ளை எங்கே போனாள்?

ஈரோடு மாவட்டத்தில் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஓர் ஊரிலிருந்து, பி.ஏ. தமிழ் இலக்கியம் கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கையால் எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கடைசி செமஸ்டரில் ஒரு தாளுக்கு அவருக்குப் பரீட்சை இல்லை. மூன்று வருடமாக எழுதியவற்றில் சிலதைத் தொகுத்து, கூடவே ‘எழுத்தில் நான் வளர்ந்த விதம்’ என்று ஐந்து பக்கம் எழுதித் தர வேண்டும். அதற்காக அட்டாலியில் கிடந்த முதலாம் வருட நோட்டுகளை இறக்கிப் படித்திருக்கிறார். ‘யாராச்சும் பாத்துருவாங்களோன்னு கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன்’ என்கிறார். அவ்வளவு கூச்சம். அப்புறம் இப்போது எழுதுவதை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பிழை இல்லை, ஆனால் ‘வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு’.

நடுவில் நடந்தது இது. இரண்டாம் வருடம் ஒரு பேராசிரியர் அவருடைய கட்டுரையில் இட்டேரி, பொழுதோட, பொக்குனு போன்ற சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘இது எழுத்துத் தமிழ் அல்ல’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றோடு அந்தச் சொற்களை விட்டுவிட்டார். போன வருடத்திலிருந்து, எதை எழுதினாலும் போனில் உள்ள ஏ.ஐ. செயலியில் போட்டு ‘மெருகேற்றி’ வாங்கிக்கொள்கிறார். மதிப்பெண் கூடியது. இப்போது இரண்டு மாதமாக, செயலி இல்லாமல் ஒரு பத்திகூட வரவில்லை.

இன்னொரு விஷயம்தான் பெரியது. இரண்டாம் வருடக் கடைசியில் கல்லூரி ஆண்டு மலரில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அப்பாவின் தங்கை, அப்பாருவின் (தாத்தாவின்) சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றியது. பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் ஊருக்கே ஆள் யார் என்று தெரிந்துபோனது. பெரியப்பா வீட்டோடு போக்குவரத்து நின்றுவிட்டது. அத்தை இந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்கு வரவில்லை. ‘எழுதினது போதும், மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி குடு’ என்கிறார் அப்பா. இதற்குள் கல்லூரி பொன்விழா மலரில் அதே கட்டுரையை மறுபடி போடப் போகிறார்கள்.

அவர் கேட்பவை: பழைய நோட்டுகளை எரித்துவிடலாமா? வளரவே இல்லாதவள் வளர்ச்சியைப் பற்றி ஐந்து பக்கம் எப்படி எழுதுவது? செயலி விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? உண்மையை எழுதியதற்கு ஏன் மன்னிப்பு? பெரியப்பா வழக்குப் போட முடியுமா? கடைசியில் ஒரு பின்குறிப்பு: ‘மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமில்லை.’

அன்புள்ள மாணவிக்கு,

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். நீங்கள் என் மகளைவிடச் சிறியவராக இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பின்குறிப்பு. அதைக் கடைசியில், சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வயசுப் பிள்ளைகளோடு பேசும் என் தொழிலில், கடைசியில் சின்ன எழுத்தில் வருவதைத்தான் முதலில் படிப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாட்டிலும் பிடித்த வேலையிலும் நாட்டம் குறைந்தால், அதை ‘எழுத்து வரவில்லை’ என்ற கணக்கில் எழுதிவைக்கக் கூடாது. ஒரு மருத்துவரைப் பாருங்கள். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் போங்கள். வீட்டில் இருந்தபடியே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். விடிகாலை மூணு மணிக்கும் எடுப்பார்கள்.

சரி, இனி நோட்டுகள்.

நான் எரித்தவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், என் ஹாஸ்டல் காலத்து நோட்டுகள் மூன்றையும் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். ‘போற வீட்டுல யாராச்சும் படிச்சா?’ என்ற பயம். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இன்றைக்கு எனக்கு நினைவில்லை. அது பரவாயில்லை. அதை எழுதிய பெண் எப்படி யோசித்தாள் என்பதும் சேர்ந்து மறந்துபோய்விட்டது. இருபது வருடமாக அந்த வயசுப் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை. அந்த நோட்டுகள் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். எரிப்பதற்கு அவசரமே இல்லை. அட்டாலி ஒன்றும் வாடகை கேட்கவில்லை.

கூச்சத்தைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவும் தலைகீழாக இருக்கிறது. ‘இவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறேனே, அப்படியென்றால் எனக்கு எழுத வராது’ என்கிறீர்கள். பதினெட்டு வயசில் அதே பக்கத்தைப் படித்தபோது கூச்சம் வந்ததா? வரவில்லை. நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கம் மாறவில்லை. படிக்கிற கண் மாறியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

அந்தக் கண் எல்லாவற்றையும் சரியாகப் பார்க்கிறதா என்றால், அதுவும் இல்லை. நீங்கள் நகல் எடுத்து அனுப்பிய இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதலாம் வருடத்தில் எழுதியது:

‘வெடியால நாலு மணிக்கே கொப்பரைக்கு அடியில தீ மூட்டிருவாங்க. மஞ்சள் வேகற வாசம் இட்டேரி முச்சூடும் அடிக்கும். பள்ளிக்கோடம் போறப்ப என்ற பாவாடையிலயும் அதே வாசம். பக்கத்துல உக்காந்த புள்ள மூக்கைப் பொத்திக்கிட்டா. எனக்குப் பொக்குனு போயிருச்சு.’

அதையே போன செமஸ்டரில் ‘மெருகேற்றி’க் கொடுத்தது:

‘அதிகாலைப் பொழுதில் மஞ்சள் அவிக்கும் நறுமணம் குறுகிய கிராமப் பாதை முழுவதும் பரவியிருந்தது. அந்த நறுமணம் எங்கள் மக்களின் உழைப்பையும் பண்பாட்டையும் பறைசாற்றியது.’

எனக்கு ஒரே ஒரு கேள்வி. மூக்கைப் பொத்திய பிள்ளை எங்கே போனாள்?

வட்டாரச் சொல் போனதைப் பற்றிக்கூட நான் இப்போது பேசவில்லை. நடந்ததே போய்விட்டது. வாசம் ‘நறுமணம்’ ஆனவுடன் அந்தப் பிள்ளைக்கு மூக்கைப் பொத்த வேண்டிய காரணம் இல்லாமல் போகிறது. அவள் போனதும் உங்களுக்குப் பொக்கென்று, மனசு சுருங்கிப் போன காரணமும் இல்லாமல் போகிறது. மிச்சம் இருப்பது பண்பாடு. அது மஞ்சளுக்கும் பொருந்தும், சென்னிமலைப் போர்வைக்கும் பொருந்தும், காங்கேயம் காளைக்கும் பொருந்தும். இரண்டாவது பத்தியில் ‘மஞ்சள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வெல்லம்’ என்று போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெடாது.

அதற்காக முதலாம் வருடத்து எழுத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அதே கட்டுரை அடுத்த பக்கத்திலேயே ‘விவசாயி நாட்டின் முதுகெலும்பு’ என்று மேடை ஏறிவிடுகிறது. நடுவில் அப்பாருவின் கால் வீக்கத்தைப் பற்றி ஆரம்பித்ததை முடிக்காமலே விட்டுவிட்டீர்கள். மூன்றாம் வருடக் கட்டுரைகளில் அந்தத் தவறு இல்லை. எடுத்ததை முடிக்கிறீர்கள், எதை முதலில் சொல்வது என்று தெரிந்திருக்கிறது. இது கற்றுக்கொண்டது, கல்லூரி கொடுத்தது. இதையும் உங்கள் கணக்கில் வரவு வையுங்கள்.

சிவப்பு வட்டம்

‘பேச்சு வழக்கு எழுத்துக்கு ஆகாது’ என்பதை நீங்கள் ஒரு விதி மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் இலக்கியம் படிக்கிறவர் நீங்கள், எனக்கே சொல்லித்தர வேண்டியவர். தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களை எண்ணும்போது இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் சமமாக உட்காரவைக்கிறது. அந்தந்த நிலத்தார் தங்கள் குறிப்பில் வழங்கும் சொல் அது. நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-ல் வந்தது. கொங்கு வேளாண் குடும்பத்துக் கதை, கொங்குப் பேச்சோடு. தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதிலும் பிரச்சினை நிலப் பங்குதான், நீங்கள் படித்திருப்பீர்கள். கொங்குச் சொற்களுக்கென்றே பெருமாள்முருகன் தொகுத்த அகராதி 2000-ல் வந்துவிட்டது.

இட்டேரி ‘குறுகிய கிராமப் பாதை’ இல்லை, அம்மிணி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், வேலியில் ஒடக்கான் (ஓணான்), மழை பெய்தால் வழியெல்லாம் சேறு. இதற்கு வேறு ஊர்த் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. சொல் போனால் வேலியும் ஒடக்கானும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் அந்தப் பேராசிரியரை வில்லனாக்கிவிடாதீர்கள். பரீட்சைத் தாளுக்கு ஒரு நடை இருக்கிறது. இலக்கண வினாவுக்குப் ‘பொக்குனு’ என்று பதில் எழுதினால் நானும் வட்டம் போடுவேன். அவர் சொன்னது ஒரு இடத்துக்குச் சரி, நீங்கள் அதை எல்லா இடத்துக்கும் விரித்துக்கொண்டீர்கள். இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. மண்வாசனை காட்டுவதற்கென்றே வரிக்கு மூன்று வட்டாரச் சொல்லைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு மெருகுதான்.

மெருகு

அந்தச் சொல்லை நீங்களே நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது சும்மா வந்த சொல்லாக இருக்காது. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றினால் மேல்தோலும் வேரும் உதிர்ந்து பளபளப்பாகிறது. மண்டிக்கு வருகிற வியாபாரி அந்தப் பளபளப்பையும் பார்ப்பார். அப்புறம் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார். இதற்கு மேல் இந்த உவமையை இழுத்தால் நீங்களே எனக்குச் சிவப்பு வட்டம் போடுவீர்கள். நிறுத்திக்கொள்கிறேன்.

செயலியைத் தொட்டதே பாவம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒற்றுப்பிழை பார்த்துக்கொள்வது ஒன்று. ‘இதை அழகாக்கிக் கொடு’ என்று கொடுத்துவிட்டு வந்ததை அப்படியே ஒப்படைப்பது வேறு. இரண்டாவதைச் செய்திருக்கிறீர்கள். இதில் ஆபத்து இரண்டு. ஒன்று கல்லூரி விதி. அது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். தொகுப்பைக் கொடுப்பதற்கு முன்பே வழிகாட்டி ஆசிரியரிடம் போய், எந்தெந்தக் கட்டுரையில் எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன்னால் சொன்னால் அது சந்தேகம் கேட்பது. மாட்டிய பிறகு சொன்னால் வாக்குமூலம். அந்தக் கட்டுரைகளைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றாலும் நட்டமில்லை.

இரண்டாவது ஆபத்து, நீங்கள் ஏற்கெனவே அனுபவிப்பது. கை மறந்துபோவது. இதற்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தது. நாலு நாள், தினம் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் உலுக்கிய ஒரு விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார். பிழை, நடை எதையும் பார்க்க வேண்டியதில்லை. ‘எழுதினால் மனசு லேசாகும்’ என்று நாம் சொல்வோம் இல்லையா, எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு அப்படி ஆகவில்லை. கனமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: நாள் போகப் போக ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ என்ற மாதிரிச் சொற்கள் யாருக்குக் கூடினவோ, அவர்களுக்குப் பலனும் கூடியது.

நீங்களும் நாலு நாள் செய்யுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பேனாவில். யாரிடமும் காட்டக் கூடாது. ஆசிரியருக்கோ மலருக்கோ எனக்கோ அனுப்பக் கூடாது. மூன்றாம் நாள் மனசு ரொம்ப அடைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் கடிதத்தில் ‘ஏன்னா’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

அந்த ஐந்து பக்கம்

‘முதலாம் ஆண்டில் ஒன்றும் அறியாதவளாக வந்தேன், ஆசான்களின் உளி பட்டுச் சிலையானேன்’ என்று எழுதினால் மதிப்பெண் வரும் என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாம். அந்த வரியை எத்தனை பேர் எழுதுவார்கள் என்று அந்தத் தோழியிடம் கேளுங்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி ‘நான் வளரவே இல்லை’ என்றும் எழுத வேண்டாம். அது அடக்கம் மாதிரித் தெரியும், ஆனால் உண்மை இல்லை.

உண்மை உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு மலரில் வந்த கட்டுரையில் பத்திர ஆபீஸ் காட்சி இப்படி: ‘கண்ணீர் மல்க, கையறு நிலையில், ஆணாதிக்கத்தின் முன் தலைகுனிந்து அவள் கையொப்பமிட்டாள்.’ எனக்கு எழுதும்போது முதலில் ‘அத்தை அழுதாங்க’ என்று எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்திருக்கிறீர்கள். மேலே, இடமில்லாமல் வரிசை சாய்ந்து போக, இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘அத்தை அழுகலை. பெருவிரல் மையைச் சேலைத் தலைப்புல தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. மை போன பொறகும் தொடச்சாங்க.’

இதை எந்தச் செயலியும் அடித்துத் திருத்தவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. எட்டாம் வகுப்பில் பார்த்ததை, இரண்டாம் வருடத்தில் பார்க்காமலே எழுதிவிட்டு, இப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஐந்து பக்கத்துக்கு வேறு எங்கும் தேட வேண்டாம். மஞ்சள் பத்தி இரண்டையும் போட்டு, எது வந்தது, எது போனது என்று நீங்களே எழுதுங்கள். செயலியையும் அதில் சொல்லுங்கள், ஒரு பத்தி போதும், மாரில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அத்தையின் பெருவிரலை மட்டும் அதில் போடாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அத்தையின் கதை யாருடையது

‘உண்மையைத்தானே எழுதினேன், பெயரைக்கூட மாற்றிவிட்டேன், என்ன தப்பு?’ என்கிறீர்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, வழக்கறிஞராக இருக்கும் என் தோழியிடம் கேட்டு எழுதுகிறேன். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. படிக்கிறவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்தால், குறிப்பிட்டதாகத்தான் அர்த்தம். அவதூறு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. குற்ற வழக்கில் ‘உண்மை’ என்பது மட்டும் முழுக் கவசம் இல்லை. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ‘பெரியப்பாவின் பேராசை’ என்று நீங்கள் எழுதியது நடந்த சம்பவம்கூட இல்லை, அவர் மனசுக்குள் புகுந்து சொன்ன தீர்ப்பு. இதற்காக நாளைக்கே போலீஸ் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இந்த மாதிரிக் குடும்பச் சண்டைகள் பெரும்பாலும் கோர்ட் வாசல் வரை போவதில்லை. ஆனால் மறுபடி அச்சிடுவது மறுபடி வெளியிடுவதுதான். தெரிந்தே செய்ததாகிவிடும்.

அதை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. கல்லூரி மலரில் வந்ததால் கட்டுரை கல்லூரிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், அந்த வேலையாக எழுதினால் கணக்கு வேறு. மாணவி ஊழியர் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். மலருக்குக் கட்டுரை கொடுத்தபோது ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மலர்க் குழுவுக்கு நாலு வரியில் ஒரு கடிதம்: ‘இந்தக் கட்டுரையை மறுபதிப்புச் செய்ய எனக்குச் சம்மதமில்லை.’ காரணம் எழுத வேண்டியதில்லை. தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போவதற்குள் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு வேறு கட்டுரை கேட்டால் மஞ்சள் கட்டுரையைக் கொடுங்கள், மூக்கைப் பொத்திய பிள்ளையோடு.

மன்னிப்புக் கடிதம்? அப்பா சொல்கிற மாதிரி, ‘எழுதியதெல்லாம் பொய்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அது பொய் இல்லை. பின்னால் அத்தைக்கே அந்தக் காகிதம் எதிராகப் போகலாம். பெரியப்பாவிடம் நேரில் போய், ‘உங்களைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை போட்டது தப்புங்க’ என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு மட்டும். பத்திரம் நடந்ததற்கு இல்லை. அப்பாவுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபடாது. அவருக்கு அண்ணன் வீட்டு வாசல் அடைத்துப்போனதுதான் தெரியும். அவர் எழுத்தை வெறுக்கிறார் என்று நினைக்காதீர்கள். முதலாம் வருட மலரை மண்டிக்கு எடுத்துப் போய்க் காட்டியவர் அவர்தானே, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக அத்தை. ‘அத்தைக்காகத்தான் எழுதினேன்’ என்ற வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். அத்தையிடம் கேட்டீர்களா என்று ஆறு பக்கத்திலும் தேடினேன். இல்லை.

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அப்படியும் நம் பக்கத்தில் எத்தனை பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் சிலர் ஏமாந்தவர்கள். சிலர் விவரம் தெரிந்தே போட்டவர்கள், ‘பொறந்தவன் ஊட்டு வாசப்படி தொறந்திருக்கோணும், சீரு வரோணும்’ என்று கணக்குப் பார்த்து. அந்தக் கணக்கு நியாயமா என்று நானும் நீங்களும் ஒருநாள் முழுக்கச் சண்டை போடலாம். ஆனால் உங்கள் அத்தை எந்தக் கணக்குப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே ‘கையறு நிலை’ என்று எழுதிவிட்டீர்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அவரை யாரும் கேட்கவில்லை. கட்டுரை எழுதியபோதும் யாரும் கேட்கவில்லை. பத்திரத்தை எதிர்த்து அவர் ஏதாவது செய்ய நினைத்தால், அதற்கு வழியும் காலக்கெடுவும் உண்டு. வழக்கறிஞரிடம் போக வேண்டியது அவர், நீங்கள் துணைக்குப் போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டே போங்கள். மலரைக் கையில் கொண்டு போக வேண்டாம், நோட்டும் வேண்டாம். கட்டுரை வந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள், நீட்டாமல். அப்புறம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘ஏனுங் அத்தை, அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க?’

அவர் பேசினால் கேளுங்கள். ஒன்றும் சொல்லாமல் காபி வைக்க எழுந்து போனாலும் போவார். அப்படியென்றால் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் மறுபடி போங்கள்.